ஊசிக்கு முன் ஞானம்மா மிஸ்ஸி கேட்ட கேள்வி

முருங்கனிலிருந்து பஸ்ஸில் வந்த தபால்காரர் ஆஸ்பத்திரித் தபால் பையை என் மேசையில் வைத்தார். "ஐயா, ஞானம்மா மிஸ்ஸி மோசம் போயிட்டாவாம். நேற்றுத் தோட்டவெளியிலை அடக்கமாம்," என்றார். பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுதத் தாளை எடுத்தேன்.

முசலிக் கரையில் அவர் கையால் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அங்கிருந்த சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் அப்போதிக்கரி, டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்ப்பவன்; அவர் நர்ஸ், ஊருக்கெல்லாம் 'மிஸ்ஸி'. "ஆளைக் கேளாமல் மருந்தைத் தொடாதேங்கோ, ஐயா" என்பது அவருடைய ஓயாத பேச்சு. எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

ஒரு மாரியில் அருவியாறு பெருகி முருங்கன் பாதையை மூடியது. அன்று காலை ஒரு தாய் இடுப்பளவு தண்ணீரில் தன் மகள் ரஹ்மாவைத் தூக்கி வந்தார். ஆறு வயதுப் பிள்ளை. தொண்டை அடைப்பான் நோய், மூச்சு இழுத்தது. குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம்தான் அதற்கு மருந்து. நான் ஊசியை நிரப்பினேன்.

"தங்கச்சி, பிள்ளைக்கு முந்தி ஏதும் ஊசி போட்டதோ?" என்று மிஸ்ஸி கேட்டார். தாய் வாய் திறக்குமுன் நான் குத்திவிட்டேன்.

"போன வருசம் கால்ல ஆணி ஏறி மன்னார்ல போட்டாங்க…"

அதுவும் குதிரைச் சீரம்தான்; ஒருமுறை அது ஏறிய உடம்பு இரண்டாம் முறை ஏற்காமல் போகலாம். சொல்லி முடிப்பதற்குள் பிள்ளையின் உதடு வீங்கியது, உடல் தடித்தது, நாடி கைக்கு அகப்படவில்லை. நான் மரமாக நின்றேன். "விலகுங்கோ, ஐயா," என்று மிஸ்ஸி அந்த ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் குப்பியை உடைத்து ஏற்றினார். சில நிமிடங்களில் பிள்ளை முனகியது.

ஆனால் நோய் அப்படியே இருந்தது. சீரம் கொடுக்காவிட்டால் பிள்ளை மூச்சடைத்துச் சாகும். கொடுத்தால் அதே ஊசியால் சாகலாம். அட்ரினலின் இன்னும் ஒரே ஒரு குப்பி. வாசற்படிவரை வெள்ளம்.

"அந்த ஊசி வேணாம்! என்ட புள்ளையத் தாங்க, நான் கொண்டு போறன்!" என்று தாய் கதறினார்.

"எங்கை போவீங்கள், தங்கச்சி? சுத்திவரத் தண்ணி. எனக்கும் போக வழியில்லை. உங்களோடைதான் இருக்கிறன்."

சீரத்தை உப்புநீரில் கரைத்து, உடம்பு பழகும்படி துளித் துளியாக ஏற்றலாம் என்று மிஸ்ஸி விளக்கியபின் தாய் தலையசைத்தார். ஊசியை என் கையிலிருந்து மிஸ்ஸியே வாங்கிக்கொண்டார். அரைமணிக்கு ஒருமுறை, முன்னதைவிடச் சற்றுக் கூடுதலாக. ஒவ்வொரு முறையும் நாங்கள் மூவரும் பிள்ளையின் உதட்டையே பார்த்திருந்தோம். ஒருமுறை கழுத்தில் தடிப்பு எழும்பியது; மிஸ்ஸி கடைசிக் குப்பியைக் கையில் எடுத்தார். தடிப்பு தானாக அடங்கியது. பொழுது சாயும் நேரத்தில் முழு அளவும் ஏறிவிட்டது. நான்காம் நாள் ரஹ்மா கஞ்சி கேட்டாள்.

பின்னர் மேற்பார்வைக்கு வந்த பெரிய டாக்டர் துரை, பிள்ளையைக் காப்பாற்றியதற்காக என் தோளில் தட்டிப் பாராட்டி, புத்தகத்திலும் எழுதிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் உண்மையைச் சொல்லேல்லை?" என்று பிறகு கேட்டேன்.

"சொன்னால் உங்களை வேறை ஊருக்கு மாத்திப்போடுவினம். இனி நீங்கள் கேளாமல் குத்தமாட்டியள். அப்பிடி ஒராள் இஞ்சை வேணும்."

அவர் சொன்னபடியே இன்றுவரை கேட்டுத்தான் குத்துகிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பழக்கம் ஒன்றே. அந்தப் பாராட்டோ நான் வெளியேற முடியாத அறைபோல என்னை அடைத்து வைத்திருந்தது. ரஹ்மாவின் தாயே, உங்கள் பிள்ளையைக் காப்பாற்றியவர் ஞானம்மா மிஸ்ஸி. சாகும் தறுவாய்க்குத் தள்ளியவன் நான்.