ஒரே சார்ஜரும் ஆரஞ்சு அட்டையும்

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். நடுக்கடலில் அவ்வளவு பெரிய கப்பலுக்கு விளக்கெரிய வைக்கிற மனுஷன், தூத்துக்குடியில் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டை மட்டும் நம்பவே மாட்டார். லீவில் வந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பிளக்குகளைத்தான் முகர்ந்து பார்ப்பார். நான் எப்படி இருக்கிறேன் என்ற விசாரணை அதற்கப்புறம், நேரம் இருந்தால்.

போன லீவில் கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் கண்ணில் பட்டவை சார்ஜர்கள். வீட்டில் ஸ்விட்சுக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதோ செத்துப்போன போன்களுடையவை, தள்ளுவண்டியில் வாங்கியவை, மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போனவை. உப்புக் காற்றில் சிலவற்றின் முனை பச்சை பூத்திருந்தது. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, இத சொருகி வச்சிட்டா வீட்டுக்குள்ள நிம்மதியா ஒறங்குத?"

"இத்தன வருசமா ஒண்ணும் ஆகலையே."

"ஆன பொறவு சொல்லுததுக்கு ஆளு இருக்காது."

பெட்டியிலிருந்து புதுச் சார்ஜர் ஒன்றை எடுத்தார். சோப்புக்கட்டி அளவு. மூன்று வாய், மூன்றும் டைப்-சி. இனிமேல் வீட்டுக்கே இது ஒன்றுதான் என்று அறிவித்தார். இவ்வளவு பெரிய சார்ஜரில் என் சின்னப் போனைப் போட்டால் பொசுங்கிவிடாதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்காகவே கல்யாணம் செய்துகொண்டவர்போல் அவர் முகம் மலர்ந்தது.

"இது தானா அள்ளி ஊத்தாது. ஒனக்கு எவ்வளவு வேணும்னு மொதல்ல கேக்கும். சாமான் சொல்லுத அளவுதான் குடுக்கும். பெருசு சின்னதத் தின்னுராது."

அதோடு விட்டாரா? ஈரக் கையோடு தொடாதே, தலையணைக்கு அடியில் வைத்துப் போடாதே, கழுத்து நைந்த ஒயரை டேப் சுற்றி ஓட்டாதே, முனையில் உப்புப் படிந்தால் துடைக்காமல் சொருகாதே. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். அன்றைக்குக் கடைசி பெஞ்சுப் பிள்ளையாகக் கொட்டாவியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு என் போன், டேப்லெட், பிரஷர் பார்க்கும் மெஷின், கரண்ட் போனால் எடுக்கிற டார்ச் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார். என் காதுக் கருவி. எனக்கு இரண்டு காதும் மந்தம். கருவி இல்லாவிட்டால் எதிரில் இருப்பவரின் வாயசைவு மட்டும்தான். அவர் சோதனை நடத்தியபோது கருவி என் காதில் உட்கார்ந்து அவர் பாடத்தையே கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கென்று சார்ஜ் போடுகிற டப்பா ஒன்று உண்டு என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் அதைப் போடுவேன் என்பதால் எனக்கும் வரவில்லை.

பழைய சார்ஜர்கள் எல்லாம், என் டப்பாவின் சார்ஜரும் ஒயரும் உட்பட, ஒரு துணிப்பைக்குள் போயின. வாயைக் கட்டி, ஆரஞ்சு நிற அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் பரணில் ஏற்றினார்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். கப்பலில் ஒரு ஸ்விட்சில் அது தொங்கினால், ஆள் வேலை செய்கிறான், கை வைக்காதே என்று அர்த்தம். கட்டியவன்தான் அவிழ்க்கவேண்டும். அவன் இல்லையென்றால் அவன் வாயால் சரி சொல்லவேண்டும். ஒருத்தன் கட்டியதை வேறொருத்தன் அவசரப்பட்டு அவிழ்த்து ஸ்விட்சைப் போட, உள்ளே கைவிட்டிருந்த ஆள் கருகிப்போன கதையைக் கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எனக்கும் அந்த அட்டை என்றால் பயம். ஒரு தடவை வாஷிங் மெஷினில் அட்டையைக் கட்டிவிட்டு, அவிழ்க்க மறந்து கப்பலேறிவிட்டார். அவர் திரும்பி வரும்வரை கையால் துவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பைத்தியம் என்று முடிவுகட்டியது அப்போதுதான்.

மறுநாள் காலையில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார். கார் ஊரை ஒட்டியிருக்கும் புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் போன் வந்தது. "பிளக்க அணைச்சியா?" அடுத்த நாள் சாயங்காலம் கப்பலில் ஏறியதும் பேசுவதாகச் சொன்னார். அதற்கப்புறம் நடுக்கடல், அடுத்த துறைமுகம் வரும்வரை குரல் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு போனை வைத்துத்தான் நான் மாதக்கணக்கை ஓட்டுகிறேன். இதை அவரிடம் சொன்னதில்லை.

அடுத்த நாள் கடைசிப் பாடவேளையில் காதுக்குள் கூக்கூ என்று முனகிவிட்டுக் கருவி அணைந்தது. வீட்டுக்கு ஓடிவந்து டப்பாவைப் புதுச் சார்ஜரில் போட்டேன். விளக்கு எரியவில்லை. ஒயரை மாற்றினேன், வாயை மாற்றினேன், ஊதினேன், துடைத்தேன். அதே ஒயரில் என் போன் ஜம்மென்று ஏறியது. என்ன விஷயம் என்று பின்னால் அவரே சொன்னார். புதுச் சார்ஜர், எவ்வளவு வேண்டும் என்று கேட்டுப் பதில் வந்தால்தான் கொடுக்குமாம். பதில் சொல்கிற சின்னச் சங்கதியை என் டப்பாவில் வைக்காமலே விற்றிருக்கிறார்கள். பழைய சார்ஜர் கேள்வியே கேட்காமல் கொடுக்கிற ரகம். ஆக, உலகத்திலேயே பத்திரமான சார்ஜர் என் டப்பாவுக்குச் சொட்டுக் கரண்ட்கூடத் தரவில்லை.

பரணிலிருந்து பையை இறக்கினேன். அட்டை என்னைப் பார்த்தது. அவிழ்க்க அவர் வாயால் சரி சொல்லவேண்டும். அதைக் கேட்க எனக்குக் காது வேண்டும். காதுக்குப் பையை அவிழ்க்கவேண்டும். மெசேஜ் அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றது. சார்ஜர் பைக்குள் யாரும் கைவிட்டுக்கொண்டிருக்கவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கை வரவில்லை. அவர் மேலும் என் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

சொன்னபடியே சாயங்காலம் வீடியோ காலில் வந்தார். பின்னால் இரும்புச் சுவர், தலையில் ஹெல்மெட். சத்தத்தைக் கடைசிவரை ஏற்றியும் கரகரப்புதான். அணைந்த டப்பாவைக் காட்டினேன், காதைக் காட்டினேன், அட்டையோடு பையைத் தூக்கிக் காட்டினேன். ஹெல்மெட்டோடு தலையில் கைவைத்துக்கொண்டார். இன்ஜின் அறை இரைச்சலில் அவர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு கையாலும் முடிச்சை அவிழ்க்கிற மாதிரி காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார்.

அவிழ்த்தேன். பழைய சார்ஜரில் டப்பாவின் விளக்கு சிவப்பாக எரிந்தது. கருவிக்கு உயிர் வர நேரமாகும் என்று ஜாடை காட்டினேன். அவர் போனை வைக்கவில்லை. பேச ஆரம்பித்தார். சாப்பிட்டியா, பிளக்க அணைச்சியா என்பதைத் தாண்டி இத்தனை வருஷத்தில் அந்த வாய் அவ்வளவு நேரம் அசைந்து நான் பார்த்ததில்லை. நடுவில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். படம் விட்டுவிட்டு வந்ததில் வாயசைவிலிருந்து ஒரு சொல்லைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. அப்புறம் படம் உறைந்து, போய்விட்டது.

லீவில் வந்த அன்றைக்கே கேட்டேன். "அன்னைக்கு அவ்வளவு நேரம் என்னதான் சொன்னிய?"

புதுச் சார்ஜரை முகர்ந்துகொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார். "ஒனக்குக் கேக்காதுன்னுதாம்ளா சொன்னேன்."