நாக்கில் வைத்த மணல்

சத்தியவேடு பக்கத்தில் பதினொரு சர்ச் கட்டியவர் அண்ணாதுரை மேஸ்திரி. அவர் கும்பிடுவது முருகனை. படித்தது ஐந்தாம் வகுப்பு. காகிதத்தில் பிளான் எதுவும் கிடையாது. தரையில் சாக்பீஸால் ஒரு வளைவு போடுவார், ஆறு மாதத்தில் அது தலைக்கு மேல் நிற்கும். கூரைக்கு முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டைகளைப் பிரிக்கும் நாளில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவர் மட்டும் அடியில் நின்றுகொள்வார். விழுந்தால் கட்டியவன் தலையில் விழட்டும் என்பார். திமிர்தான், ஆனால் மதிக்க வேண்டிய திமிர்.

மணல் விஷயத்திலும் அப்படித்தான். லாரி வந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால் அது கடலோரத்து மணல், லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

பன்னிரண்டாவது சர்ச் ஆரம்பித்தபோது ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆற்று மணல் மொத்தமும் அங்கே போனது. மூன்று வாரம் காத்துக் கிடந்த பிறகு ஒருவழியாக லாரி வந்தது. அன்றைக்கென்று பார்த்து வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டு அவர் நாக்கு வெந்துபோயிருந்தது. பழக்கத்தில் ஒரு சிட்டிகை போட்டுத் துப்பினார். ஒரு ருசியும் தெரியவில்லை. தெரியாததையே நல்லது என்று எடுத்துக்கொண்டு, “எறக்குடா” என்றார்.

கான்கிரீட் போட்டுப் பத்தாம் நாள், மீந்து கிடந்த மணலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நாக்கு ஆறியிருந்ததால் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. கூரைக்குள் இருக்கும் கம்பியை உப்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? இடிக்கச் சொன்னால் பதினொரு சர்ச் கட்டிச் சேர்த்த பேர் போய்விடும். வாயை மூடிக்கொண்டார். முட்டுப் பிரித்த அன்று வழக்கம்போல் அடியில் நின்றார். கூரை அசையவில்லை. பாழாய்ப்போன கூரை, அன்றைக்கே விழுந்து தொலைத்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு முதல் அவர் அந்த சர்ச்சுக்குப் போய் வளைவுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். ஒரு ஞாயிறும் தப்பவில்லை. மேஸ்திரி மதம் மாறிவிட்டார் என்று ஊர் பேசியது; பாஸ்டருக்கு ஒரே பூரிப்பு. விழுந்தால் நானும்தானே அடியில் இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடம் மனசாட்சியைத் தூங்கவைத்தார். மேலே முதலில் பழுப்புக் கறை வந்தது. பிறகு மயிரிழை அளவுக்கு விரிசல். ஆறாம் வருட ஈஸ்டருக்கு ஒரு மாதம் முன்பு, யாரும் இல்லாத நேரத்தில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். விரிசலுக்குள் நகம் நுழைந்தது.

அந்த ஈஸ்டர் அன்று கூட்டம் நெருக்கியடித்தது. பாட்டு தொடங்கியதும் பெண்கள் பக்கம் தற்செயலாகத் திரும்பினார். அவர் மனைவி செங்கம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். வாராவாரம் புருஷன் அப்படி எங்கேதான் போய் உட்காருகிறான் என்று பார்க்க வந்திருந்தாள். ஒரு துண்டுக் காரை அவள் மடியில் விழுந்தது. அவள் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

மேஸ்திரி எழுந்து கத்தினார். “ஏய் செங்கம்மா, ஏந்திரு! வெளிய ஓடு! எல்லாரும் வெளிய போங்க, கூரை நிக்காது!”

வெளியே வேப்பமரத்தடியில் கூட்டத்துக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னார். உப்பு, நாக்கு, ஆறு வருடம். யாரும் கை ஓங்கவில்லை. அதே கூரைக்குக் கலவைச் சட்டி சுமந்த செல்லியம்மாதான் முன்னால் வந்தாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி இன்னொன்று.

“கம்பிய உப்பு துன்னுக்கினு இருக்குதுன்னு தெரிஞ்சும் கம்முனு இருந்தியா அண்ணே? ஆறு வருசமா எம்புள்ளைங்கள அதுங்கீழதான் குந்த வெச்சேன். இன்னிக்கி உம்பொண்டாட்டி வந்து குந்தனதும்தான் உனுக்கு வாயி தொறந்துச்சா?”

உள்ளே ஏதோ பொத்தென்று விழுந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. செங்கம்மா உட்பட எல்லோரும் மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.