புழுக்கள் பசித்திருந்த கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் அன்று பவுடர் பூசக் கூடாது. சென்ட் கூடாது, ஊதுபத்தி கூடாது, கொசுவர்த்தி கூடாது, பட்டாசைப் பற்றிப் பேசவே கூடாது. அப்பா வேப்பமரத்தில் கட்டும் காகித நட்சத்திரத்துக்குள் பல்பு எரியக் கூடாது. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். இதெல்லாம் கோயிலில் சாமியார் சொன்ன விரதம் அல்ல. அம்மா வளர்த்த பட்டுப்புழுக்களுக்கு ஆகாது என்பதால் வந்த சட்டம்.

மாரண்டஹள்ளியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் மல்பெரித் தோட்டம், அதன் ஓரத்தில் நீளமான புழு மனை. இளம்புழுக்களை வாங்கி வந்து அடுக்குத் தட்டுகளில் விட்டு, மூன்று வாரம் மல்பெரித் தழை போட்டு வளர்த்து, அவை கூடு கட்டியதும் பிரித்து தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோக வேண்டும். புழு நாலு முறை தோலுரிக்கும். நாலாவது தோலை உரித்த பிறகு ஒரு வாரம் அது தின்னும் தீனிதான் தீனி. அந்த வாரத்தில் தழை தவறினால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். கிறிஸ்துமஸுக்கும் அந்த வாரத்துக்கும் ஏதோ உடன்படிக்கை இருந்தது என்றே நான் நினைத்தேன். வருடம் தவறாமல் இரண்டும் சேர்ந்தே வந்தன.

மற்றவர்கள் வருடத்துக்கு ஆறு பேட்ச் வைத்தால் அம்மா பத்து வைப்பாள். ஒரு பேட்ச் முடிந்த மறுநாளே மனையைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் அடித்து அடுத்ததுக்குத் தயாராகிவிடுவாள். என் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒருமுறை வந்தாள். மதியத் தழைக்கு நேரமாயிற்று என்று நான் மேடை ஏறுவதற்கு முன்பே எழுந்து போய்விட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மனையின் வாசலில் சாக்கு விரித்து என்னைப் படுக்க வைத்தாள். அங்கே இருந்தால் எங்கள் இருவரையும் ஒரே சமயத்தில் கவனிக்கலாம் அல்லவா. இருவர் என்றால் நானும் புழுவும்.

பண்டிகைக்கு உறவுக்காரர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அதற்கு மாமாதான் காரணம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. காரிமங்கலத்தில் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். நான் பள்ளிக்கூடம் சேராத வயதில், ஒரு கிறிஸ்துமஸுக்கு அத்தையையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தவர், கமகமவென்று சென்ட் அடித்த சட்டையோடு மனைக்குள் போய்ப் புழுவைப் பார்த்திருக்கிறார். மூன்றே நாளில் பேட்ச் முழுவதும் செத்துப்போயிற்று. அம்மா அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினாள். அதற்குப் பிறகு நாலு வருடமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், டிசம்பர் இருபத்து நாலாம் தேதி காலையில், பக்கத்துத் தோட்டத்து ரத்னம்மாக்கா எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார். கன்னடம் பேசும் வீடு அவர்களுடையது. புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். ரத்னம்மாக்கா இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு தன் முதல் பேட்சை வளர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் புழுவும் அவருடைய புழுவும் ஒரே நாளில் வந்தவை. எங்கள் வீட்டுச் சட்டம் தெரிந்தவர் என்பதால் உள்ளே வரவில்லை.

“அக்கா, பக்கத்துல தக்காளிக்கு மருந்து அடிச்சிருக்காங்க. காத்துல அத்தனையும் எங்க சொப்பு மேல உழுந்துடுச்சுங்க,” என்றார். தழையை அவர் சொப்பு என்றுதான் சொல்வார். தெரியாமல் ஓரத்துத் தட்டு ஒன்றுக்கு அந்தத் தழையைப் போட்டுவிட்டாராம். அந்தத் தட்டுப் புழுவெல்லாம் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கிறதாம்.

நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய தோட்டம் எங்கள் தோட்டத்தைவிடப் பச்சையாக இருந்தது. அவ்வளவு தழையை வைத்துக்கொண்டு எதற்கு அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா மல்பெரித் தண்டை அறுத்துக்கொண்டே பதில் சொன்னாள். “எங்கிட்டயே அளவாத்தான் இருக்குது ரத்னா. ஒரு கட்டு குடுத்தாலும் எம்புழு பட்டினி.”

ரத்னம்மாக்கா வற்புறுத்தவில்லை. பசியோடு எத்தனை நாள் தாங்கும் என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் தாங்கும், ஆனால் கூடு கட்டாது என்று அம்மா சொன்னாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். ரத்னம்மாக்கா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தழை போட்டு முடித்த பிறகும் அம்மா மனையைவிட்டு வெளியே வராமல், ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் கிறிஸ்துமஸ். பனி இறங்கி வேலி தெரியவில்லை. எட்டு மணிப் பூசைக்காக அப்பாவும் நானும் புதுத்துணி போட்டுத் தயாரானோம். அப்பா பாலக்கோட்டில் ஓர் உரக்கடையில் வேலை செய்தார்; பண்டிகைக்குப் பிரியாணி செய்வது அவர் பொறுப்பு, கோழியை முன்கூட்டியே மசாலாவில் ஊறப் போட்டிருந்தார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்னம்மாக்கா மனைக்குப் போய்ப் புழு எப்படி இருக்கிறதென்று பார்த்து வரச் சொன்னாள். தான் அனுப்பியதாகச் சொல்லக் கூடாது என்றாள்.

நான் போனேன். ரத்னம்மாக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை மடியில் தூங்கியது. தட்டுகளில் தின்று முடித்த வெறுங்குச்சிகள். அவற்றின்மேல் ஆயிரமாயிரம் வெள்ளைப் புழுக்கள், ஒன்று பாக்கியில்லாமல் தலையைத் தூக்கி நின்றன. அசையவே இல்லை. நான் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததே இல்லை. ஒரே ஓட்டமாக ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னேன்.

“அம்மா, அங்க எல்லாப் புழுவும் தலயத் தூக்கிக்கிட்டு சாமி கும்பிடுது.”

கிறிஸ்துமஸ் என்று அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் நான் கொண்டுவந்த அதிசயச் செய்தி. எங்கள் புழுக்கள் எப்போதும் குனிந்து தின்றுகொண்டே இருந்தன. பட்டினி கிடக்கும் புழு தழையைத் தேடித்தான் அப்படித் தலை தூக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்குத் தெரியும். அவள் கையிலிருந்த அருவாளைக் கீழே வைத்தாள். மதியத்துக்காக ஈரத்துணி போர்த்தி வைத்திருந்த கட்டுகளில் இரண்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். மனுஷி வந்து கேட்டபோது மறுக்க முடிந்தது. புழுவின் பசியைத் தாங்க அவளால் முடியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மூன்றாவது கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். பூசைக்குக் கொஞ்சம் கழித்துப் போகலாம் என்று சொன்னார். அன்று போகவே இல்லை.

ரத்னம்மாக்காவின் புழுக்கள் தின்ற வேகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. போட்ட தழை கண்ணெதிரே கரைந்தது. அம்மா தட்டுக்குத் தட்டு போய், தண்டை எப்படிக் குறுக்கும் நெடுக்குமாக வைக்க வேண்டும் என்று ரத்னம்மாக்காவுக்குக் காட்டிக் கொடுத்தாள். பிறகு வெளியே வந்து, எங்கள் தோட்டத்தை ஒருமுறை நடந்து பார்த்தாள். இரண்டு மனைக்கும் போட்டால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் தோட்டம் மொட்டையாகிவிடும். புழு பழுத்துத் தின்பதை நிறுத்த இன்னும் மூன்று நாள் இருந்தது.

அம்மா அப்பாவின் செல்போனை வாங்கினாள். நாலு வருடமாகக் கூப்பிடாத எண்ணை யாரையும் கேட்காமல், எங்கேயும் பார்க்காமல் அழுத்தினாள்.

“தம்பி, நாந்தான். தழை வேணும். வண்டி எடுத்துக்கிட்டு வர்றியா?”

மாமா கேட்டது ஒன்றுதான்: “எத்தினி லோடுக்கா?”

காரிமங்கலம் பக்கத்தில் ஒருவர், வீட்டில் கல்யாணம் என்பதால் அந்த மாதம் புழு வைக்காமல் விட்டிருந்தார். தோட்டம் தழையோடு அப்படியே நின்றது. மாமா கேட்டதும் அறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மணி பன்னிரண்டு தாண்டியதும், எங்கள் சொந்தப் புழுக்கள் முதன்முதலாக வேளை தவறி வெறுங்குச்சியில் நெளிந்ததும்தான். தோட்டத்தில் மிச்சமிருந்த தழையைச் சாயங்காலத்துக்கென்று நிறுத்திவைத்துவிட்டு, அம்மா மனைக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஒரு மணிக்குக் குட்டியானை வந்தது. மேலே தழை மலைபோல் குவிந்திருந்தது, அதன்மேல் கிறிஸ்துமஸ் துணியோடு மாமாவின் பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை முன்னால் இருந்தார். மாமா மட்டும் பழைய லுங்கியும் பனியனுமாக இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். குளித்துவிட்டு எதுவும் பூசாமல் வந்ததாகச் சொன்னார்.

அம்மா கேட்டை அகலத் திறந்தாள். எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “அன்னிக்குப் புழு செத்தது உன் சென்ட்டால இல்ல, நான் போட்ட ஈரத்தழையாலதான். உம்மேல தப்பே இல்ல. எனக்கு அப்பவே தெரியும்.”

மாமா கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். “அருவா எங்கக்கா இருக்குது? சாயங்காலத்துக்கு இங்கயும் அறுக்கணும் இல்ல,” என்றார்.

அதன் பிறகு எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அம்மா எல்லோரையும் காலைக் கழுவ வைத்து மனைக்குள் விட்டாள். அத்தை பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தட்டு தட்டாகத் தழை போட்டார். நானும் மாமா பிள்ளைகளும் ரத்னம்மாக்கா மனைக்குக் கட்டு சுமந்தோம். என் புதுப்பாவாடை முழுவதும் மல்பெரிக் கறை. யாரும் திட்டவில்லை. நாலு மணிக்கு அப்பா பிரியாணி அண்டாவைத் தோட்டத்துக்கே தூக்கி வந்தார். வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ரத்னம்மாக்கா பசித்த பசியில் பேசாமல் சாப்பிட்டார். அவருடைய குழந்தைக்கு அம்மா எலும்பில்லாமல் பிய்த்து ஊட்டினாள்.

மாமா வீட்டார் திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூடம்தான் லீவாயிற்றே. காலையில் காரிமங்கலம் போய் ஒரு லோடு, மதியம் ஒரு லோடு. இருபத்தெட்டாம் தேதி புழுக்கள் பழுத்தன. உடம்பு கண்ணாடிபோல் மஞ்சளாகி, தின்பதை நிறுத்திவிட்டன. எல்லோருமாகப் பொறுக்கி, சந்திரிகை என்ற மூங்கில் தட்டிகளில் விட்டோம். எங்கள் புழு கட்டியது. ரத்னம்மாக்காவின் புழுவும் கட்டியது. முதலில் ஒரு நூல், பிறகு மெல்லிய வலை, மறுநாள் பார்த்தால் உள்ளே புழு தெரியாத வெள்ளைக் கூடு. ஓரத்துத் தட்டில் செத்தவை போக, ஒன்றும் வீணாகவில்லை. பேட்சே போயிற்று என்று ஊருக்குள் பேசியவர்கள் எல்லாம் ரத்னம்மாக்கா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

புது வருடம் பிறந்து, கூடு பிரிக்கிற நாளில் இரண்டு வீட்டுச் சந்திரிகைகளையும் எங்கள் களத்தில்தான் சாய்த்து வைத்தோம். ரத்னம்மாக்கா தன் கூடு ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அதைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள், விரலால் அழுத்திப் பார்த்தாள். தன் கூட்டையும் அழுத்தினாள். “உன்னுதுதான் கெட்டி,” என்றாள். அதையே அன்று வந்தவர் போனவரிடமெல்லாம், தானே ஜெயித்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியது. பத்துக் கைகள் கூடு பிரித்தன. குவியல் என் முழங்கால் உயரத்துக்கு வந்தது. மாமா ஏதோ கதை சொல்ல, அத்தையும் ரத்னம்மாக்காவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அம்மா கூட்டுக் குவியலுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கூப்பிட்டேன், அசையவில்லை. பட்டப்பகலில், வேலைக்கு நடுவில் அம்மா படுத்து நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அழத் தொடங்கினேன்.

அப்பா என் வாயைப் பொத்தினார். மாமா தன் துண்டை உதறி அம்மாவின் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டார். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்களே தவிர, ஒருவர்கூடப் பயந்ததாகத் தெரியவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வந்து போவதை எண்ணிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். களைத்தவர்கள் தூங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சிலருக்குத் தூக்கமே வரும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.