பிழை என்று சொல்ல ஓர் ஆள்

உலோகத்தில் விழுந்த வெடிப்பு தானாக மூடிக்கொள்ளும் என்று என் கணவர் நம்பினார். சூடாக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். மயிரிழையிலும் மெல்லிய வெடிப்பென்றால் சும்மா விட்டாலே போதும் என்பார். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் வீடு. பக்கத்து நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் மெல்லிய செப்புத் தகடொன்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் இருந்த வெடிப்பு பின்னேரம் பாதியாகிவிட்டதாம். வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைச் சொல்லிக்கொண்டே நின்றார்.

படித்தவர்கள் எல்லோரும் அறிந்தது வேறு. வெடிப்பு வளரும், அல்லது அப்படியே நிற்கும், சுருங்காது.

யாரும் அவரைத் திட்டவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெள்ளைக்காரன் தமிழனை முன்னுக்கு வரவிடமாட்டான் என்று எங்கள் ஆட்கள் கதை கட்டினார்கள். அவருடைய பேராசிரியர் நல்ல மனிதர், நத்தார் பண்டிகைக்கு எங்களை வீட்டுக்கு அழைப்பவர். படங்களைப் பார்த்துவிட்டு, எங்கேயோ பிழை விட்டிருப்பீர்கள் என்றார். எங்கே என்று இவர் கேட்டார். அவர் சிரித்து, தோளில் தட்டி, கோப்பி குடிக்கக் கூட்டிப்போனார். மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு இவரே தகடுகளை அனுப்பி, நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள் என்று கேட்டார். மாட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது வேலை அதிகம், பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை.

எங்கள் கொண்டாட்டங்களில் வேறு விதம். பிறந்தநாள் மண்டபத்தில் ஒருவர், "டொக்டர் அண்ணை, என்ர கார்க் கண்ணாடியும் வெடிச்சுப்போச்சு, ஒருக்கா மூடிவிடுங்கோவன்" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தோம். இவர்தான் அதிகம் சிரித்தார். அவர்களாவது வெடிப்பைப் பற்றிப் பேசினார்களே.

எர்லாங்கனில் நடந்த ஒரு விஞ்ஞானக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தேன், பல்கலைக்கழக வாசலை மிதித்தவள் இல்லை. லீவு போட்டு, வழிக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு ரயில் ஏறினேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கடைசி ஆளாக இவரைப் போட்டிருந்தார்கள். இவர் பேசி முடித்ததும் மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கையை மடக்கி மேசையில் டொக் டொக்கென்று குத்தத் தொடங்கினார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. விரட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். எழும்பி நின்று பக்கத்தில் இருந்த மனிதரிடம், "வெட்கமில்லையா?" என்று ஜெர்மனில் கேட்டே விட்டேன். அவர் பயந்துபோய்க் கையை மடியில் வைத்துக்கொண்டார். கேள்விகள் உண்டா என்று தலைவர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

திரும்பும் ரயிலில் விஷயம் தெரிந்தது.

"அது கோவமில்லையப்பா. இஞ்ச கம்பசில கைதட்டுறது அப்பிடித்தான்" என்றார்.

"அப்ப நல்லதுதானே?"

"எல்லாருக்கும் தட்டுவினம்." மிஞ்சிய ரோல்ஸ் பொதியை அவிழ்த்தார். "நீர் நினைச்ச மாதிரிக் கோவத்தில தட்டியிருந்தினமெண்டால், எனக்கு இண்டைக்கு நித்திரை வந்திருக்கும்."

அவர் புகழுக்கு ஏங்கவில்லை, பிழையைக் காட்ட ஓர் ஆளுக்குத்தான் ஏங்கினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த ஆளாக இருக்க நான் முயன்றேன். உண்மையில் எனக்கும் அவர் கதையில் நம்பிக்கை இருக்கவில்லை. "பல்லு வெடிச்சால் மூடுமோ? நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன், மூடாது" என்பேன். "பல்லும் செம்பும் ஒண்டோ? நீர் சொல்லும் பாப்பம், ஏன் மூடாது?" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். சோறு ஆறும். தேங்காய்ச் சம்பலில் விரலால் அணுக்களை அடுக்கிக் காட்டுவார். நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கத்துவோம். மேல்வீட்டுக்காரர்கள் நாங்கள் பிரியப்போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான பின்னேரங்கள் இல்லை.

அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்க வழியில்லை என்று பேராசிரியர் உண்மையான கவலையோடு சொன்னார். அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. வடக்கே ஒரு நகரத்தில் இருக்கும் பெண் விஞ்ஞானி. இவர் எப்போதோ அனுப்பிய தகடு அலுமாரிக்குள் கிடந்ததாம், எடுத்துச் செய்து பார்த்தாராம்.

"உங்கள் வெடிப்பு மூடவில்லை" என்று அந்தப் பெண் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "நுணுக்குக்காட்டியின் கதிர் நெடுநேரம் பட்டதால் அதன்மேல் கரி படிந்திருக்கிறது. மூடியதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்."

நான் நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளினேன். விழுந்துவிடுவார் என்று பயம். அவரோ நின்றபடியே பேசினார். எவ்வளவு நேரம் கதிர் பட்டது, எத்தனை முறை பார்த்தீர்கள் என்று கேட்டார், மறுத்தார், ஒத்துக்கொண்டார், மறுபடி மறுத்தார், இடையில் வாய்விட்டுச் சிரித்தார். தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினி நிலத்தில் உட்கார்ந்து அழுதார்.

"பாத்திட்டா" என்றார். "ஒரு ஆள் பாத்திட்டா."

கதிர் நெடுநேரம் படாமல், முதலிலும் முடிவிலும் மட்டும் பார்த்தால் யார் சரி என்று தெரிந்துவிடும் என்றார். எப்படிச் செய்வது என்றும் அவருக்குத் தெரியும். ஆனால் நுணுக்குக்காட்டி பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. உள்ளே விடும்படி கேட்டுப் பார்த்தார். பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தப் பெண்ணும் ஓய்வுபெறும் நாளை நெருங்கியிருந்தார். ஓரிரு தடவை பேசினார்கள், பிறகு நின்றுபோயிற்று.

அவருக்குக் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. வெடிப்புள்ள துண்டுகளை ஒதுக்க வேண்டும். நான்கு மணிக்கு வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், செய்தி பார்ப்பார். ஊரில் யாரும் குறை சொல்ல முடியாத கணவர்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன்.

"அந்த மனுசி சொன்னதுதான் சரி. வெடிச்சது வெடிச்சதுதான். ஒருநாளும் மூடாது."

கதிரையை இழுப்பார் என்று காத்திருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "ஓம், நீர் சொல்லுறது சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"இல்லை, மூடும்!" என்று கத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கனிவாகச் சிரித்தார், என் தோளில் மெல்லத் தட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.