வெள்ளிக்கிழமை வரை பொறுக்காத தண்ணீர்

மங்கையற்கரசிக்குக் கட்சி என்றால் அருமைநாயகம்தான். சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்து நின்றவளுக்குக் கொட்டில் போட்டுக் கொடுத்தது அவர். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொன்னதும் அவர். சண்டை முடிந்ததும், வன்னியில் அகப்பட்டு முகாமில் கிடந்த மகன் ஜெயந்தனை நடையாய் நடந்து மீட்டு வந்து, சபை டிராக்டர் ஓட்டும் வேலையும் வாங்கிக் கொடுத்தாரே, அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது? தவிசாளர் கதிரையில் இருந்து அவர் கண்ணைக் காட்டினால் போதும், இவள் கை தூக்கிவிடுவாள்.

அந்த மாரியில் மழை விட்டபாடில்லை. ஆறு பொங்கிப் படுவான்கரை வயலெல்லாம் மூழ்கிவிட்டது. ஆத்துவாயை அடைத்துக் கிடக்கிற மணலை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். இந்த முறை அமைச்சர் வந்து வெட்டப் போகிறாராம், வெள்ளிக்கிழமை, கமராக்காரரோடு! அன்றைக்குத் திங்கள். இன்றே வெட்டவேண்டும் என்று எதிர்க்கட்சி பிரேரணை கொண்டுவந்திருந்தது. அதைத் தோற்கடிக்கவேண்டும் என்பது கட்சியின் கட்டளை.

கூட்டத்துக்கு முதல், மகன் ஓட்டும் டிராக்டரில் படுவான்கரைப் பழுகாமத்துக்குப் போய்ப் பார்த்தாள். பயிரின் நுனிதான் தெரிந்தது. வெள்ளி வரை கிடந்தால் அழுகிவிடும் என்றார்கள். அவளுக்கு அங்கே ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனாலும் தண்ணீருக்குள் இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தாள். திரும்பும் வழியில் ஜெயந்தன், நமக்கேன் அம்மா இந்த வேலை, என்ட வேலையும் போயிரும் என்று கெஞ்சினான்.

பிரேரணைக்கு ஆதரவானவர்கள் என்று அருமைநாயகம் கேட்டபோது அவள் கை தூக்கினாள். சபை திகைத்துப்போனது.

"தங்கச்சி, யோசிச்சுத்தான் தூக்குறீங்களா?"

"ஓம் அண்ணன். வயலைப் பாத்திட்டு வந்துதான் தூக்குறன்."

அருமைநாயகம் தானும் எதிர்த்துக் கை தூக்கினார். ஆனாலும் ஒரு வாக்கால் பிரேரணை வென்றது. பொழுதுபடமுன் ஆத்துவாய் வெட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை வந்த அமைச்சர், ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை ஜெயந்தனை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். ஒரு மாதம் அவன் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அறுவடை முடிந்த கையோடு அருமைநாயகம் வீட்டுக்கு வந்தார். கட்சி அவளை நீக்கிவிட்டதாம், தானே சொல்லவேண்டும் என்று வந்தாராம். சொல்லி முடித்தும் எழும்பவில்லை. அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்:

"என்ட பொஞ்சாதிட சீதன வயலும் பழுகாமத்திலதான் தங்கச்சி. நல்ல விளைச்சல்."

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஜெயந்தன் நிமிர்ந்து தாயைப் பார்த்தான்.

"அப்ப அண்டைக்கு நீங்க ஏன் அண்ணன் எதிர்த்துக் கை தூக்கினீங்க?" என்று கேட்டாள் மங்கையற்கரசி.

அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.