பன்னிரண்டாம் அறைக்காரரின் ஆறு

அவருடைய கைமணிக்கூடு நாலே காலில் நின்றிருந்தது. குளிப்பாட்டும்போதுகூட அதைக் கழற்ற விடமாட்டார். ஒருநாள் நான் வாரில் கைவைத்தபோது, எண்பத்தைந்து வயதுக் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கையை உயர்த்திப் பிடித்தபடிதான் தண்ணீர் ஊற்றுவேன்.

நியூசிலாந்தின் மங்கரேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவர் பன்னிரண்டாம் அறைக்காரர். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் 'பிறந்த நாடு' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். கேட்டதற்கு, "அது இப்ப இல்லை" என்றார். செக்கோஸ்லோவாக்கியா. பிறகு அது இரண்டாகி, அவருடைய கிராமம் ஸ்லோவாக்கியாவுக்குள் போனது. தலைவர்கள் மேசையில் பேசினார்கள், பாராளுமன்றத்தில் கை உயர்த்தினார்கள், சனங்களை யாரும் கேட்கவில்லை, முடிந்தது என்றார். ஒரு வெடிச்சத்தம்கூட இல்லாமல் ஒரு நாடு இரண்டாக முடியும் என்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு கேட்டு நின்றேன்.

ஒரு மத்தியானம் போர்வையின் மேல் விரலால் தன் நாட்டை வரைந்து காட்டினார். வடக்கே மலைகள், தெற்கே டான்யூப். மேற்கே மொராவா ஆறு, அதன் அக்கரை ஆஸ்திரியா. அந்த ஆற்றின் பெயரைக் கேட்டதும் நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூறுகளில், ஒரு பங்குனி மாதம், ஐரோப்பாவில் அகதியாகத் தஞ்சம் கேட்கப் புறப்பட்டிருந்த என் தம்பி ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, நாளைக்கு மொராவா எண்டொரு ஆறு கடக்கவேணும். சின்ன ஆறுதானாம், எங்களைக் களவா எல்லை கடத்திற ஏஜென்சிக்காரன் சொல்றான்." அவனுடைய குரலை நாங்கள் கேட்டது அதுதான் கடைசி.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"பங்குனியிலா?" என்றார். "மலையில பனி உருகிற காலம். ஆறு கரையை மீறி மரங்களுக்குள்ள போகும். ஊர்க்காரன் எவனும் இறங்கமாட்டான்."

அந்த ஆற்றங்கரையிலேயே இருந்த தன் கிராமத்தில் இன்னும் வாழும் சகோதரியின் மகளுக்கு அவரே போன் எடுக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் ஒரு படம் வந்தது. இடுகாட்டின் ஓரத்தில் நான்கு இரும்புச் சிலுவைகள். ஆற்றில் கிடைத்தவர்கள். பெயர் தெரியாத ஆண் என்ற வரியும் வருடமும் மட்டும். இரண்டில் தம்பி காணாமல்போன அதே வருடம்.

வீட்டில் அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. "இதில எது?"

"தெரியேல்லை, அம்மா."

இத்தனை வருடங்களாக அவன் எங்கோ சிறையில் இருப்பதாகச் சொல்லி, ஒரு திவசமும் செய்யவிடாதவ. மூன்றாம் நாள் காலை தம்பியின் படத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினா. "மாலை வாங்கிக்கொண்டு வா" என்றா.

நான் அவருக்கு நன்றி சொல்லப் போனேன். நன்றி என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, சுவரைப் பார்த்தபடியே சொன்னார். இருபது வயதில் கட்டாய இராணுவ சேவைக்கு எடுத்து, அதே ஆற்றங்கரையில் காவலுக்கு விட்டார்களாம். வேலி வெளியிலிருந்து வருபவர்களுக்காக அல்ல, சொந்தச் சனங்கள் தப்பிப் போகாமலிருக்க. ஒரு விடியற்காலை ஒருவன் கம்பியை வெட்டி ஆற்றில் இறங்கிவிட்டான். "கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பார்க்கேல்லை. சுட்டேன்." அதற்காகப் பத்து நாள் விடுமுறையும் இந்த மணிக்கூடும் தந்தார்கள். பிறகு அறுபத்தெட்டில் அந்நிய டாங்கிகள் நாட்டுக்குள் வந்தபோது, எல்லை தளர்ந்திருந்த அந்தக் கொஞ்ச நாட்களுக்குள், அவரும் அதே பக்கமாகத்தான் ஆஸ்திரியாவுக்குப் போனார். அவரை யாரும் சுடவில்லை.

நான் துவாயை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த நாள் வழமைபோலக் குளிப்பாட்டினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆற்றில் இறங்கியவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள் என்ற நினைப்பு மட்டும் சவர்க்காரம் போடும்போதெல்லாம் வந்தது.

அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. அவவோ தினமும் கேட்டா. "படம் எடுப்பிச்சுத் தந்த மனுசன் என்ன சாப்பிடுவார்? பாவம், ஆக்களில்லாத மனுசன்." ஒரு ஞாயிறு, உறைப்பில்லாமல் சோறும் பருப்பும் குழையப் பிசைந்து டப்பாவில் போட்டுத் தந்தா. "சூடாக் குடு, பிள்ளை."

முதல் கரண்டியை வாங்கிக்கொண்டார். "நல்லாயிருக்கு. யார் சமைச்சது?"

"என்ரை அம்மா. உங்களுக்கெண்டு."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மெல்ல விழுங்கினார். இரண்டாவது கரண்டியை நீட்டியபோது உதடுகளை இறுக மூடிக்கொண்டார். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் திறக்கவில்லை.

மிச்சத்தை உணவறையில் நின்றபடி நானே சாப்பிட்டு முடித்தேன். போன குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். அந்த ஞாயிறு நான் வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்து, சாப்பிட்டாரா என்று அம்மா கேட்டதற்கு, "ஓம் அம்மா, வடிவாச் சாப்பிட்டவர்" என்றேன். அவவுக்கு அவ்வளவு சந்தோசம்.