மேஜருக்குச் சீயக்காய் தேய்த்தவர்

அப்பாசாமி தொழிலால் குதிரைக்காரர். குதிரை என்றால் அவருக்குப் பயம். இவை இரண்டும் ஒரே உடம்பில் பதினோரு வருஷம் எப்படிக் குடித்தனம் நடத்தின என்று காஜா பெராங் வட்டாரத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்விக்கும் பயந்திருப்பார்.

பயம் அவருக்கு ரத்தத்திலேயே இருந்தது. இடிக்குப் பயம், தபால்காரருக்குப் பயம், முத்திரை குத்திய எந்தக் காகிதத்துக்கும் பயம். ரப்பர் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். பழைய குதிரைக்காரர் ஊருக்குக் கப்பலேறிய அன்று தோட்டத்துக் கணக்கு பார்க்கிற பெரிய கிராணி இவரைக் கூப்பிட்டு, "மாடு பாத்தவனுக்குக் குதிரை என்னா பெரிசு? ரெண்டுக்கும் நாலு காலுதான்" என்று சொல்லித் துரையின் லாயத்துக்கு அனுப்பிவைத்தார். முடியாது என்று சொல்லப் பயமாக இருந்தது. அதனால் அப்பாசாமி குதிரைக்காரர் ஆனார். இதைவிடப் பெரிய பதவிகளுக்கும் ஆட்கள் இப்படித்தான் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கு மாலை போடுகிறோம்.

நாடு கைமாறப் போகிறது என்று உறுதியானதும் துரை தன் பியானோவையும் சாய்வு நாற்காலிகளையும் குதிரையையும் விற்றுவிட்டுக் கிளம்பினார். மூன்றையும் வாங்கியவர் காஜா பெராங் தவுக்கே, ரப்பர் கிடங்கு வைத்திருந்த சீன முதலாளி. பியானோவை அவருக்கு வாசிக்கத் தெரியாது. குதிரையில் ஏறத் தெரியாது. இருந்தாலும் வாசலில் இருந்தால் ஒரு மரியாதை. குதிரையோடு அப்பாசாமியும், அவர் மனைவி அஞ்சலையும் தவுக்கே பங்களாவின் பின்பக்க அறைக்குக் குடிவந்தார்கள்.

குதிரையின் பெயர் மேஜர். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, பதினாறு வயசு, காயடித்தது. பரம சாது. பதினோரு வருஷத்தில் அது ஒருவரைக்கூட உதைத்ததில்லை. அப்பாசாமியின் கணிப்பில், இன்னும் உதைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாதம் ஒரு சனிக்கிழமை அவர் மேஜருக்கு எண்ணெய்க் குளியல் போடுவார். ஆண்பிள்ளைக்குச் சனி நீராட்டு என்பதில் குதிரைக்கு மட்டும் என்ன விலக்கு? நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டால் முதுகு கண்ணாடி மாதிரி மின்னும். கழுத்து, முதுகு, வயிறு எல்லாம் ஆகும். ஓர் இடம் மட்டும் ஆகாது. பின்னங்கால்களுக்கு முன்னே, குறி உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் அந்தத் தோலுறை. அங்கே கை வைக்க வேண்டுமென்றால் லாடம் அடித்த குளம்புக்கு ஒரு முழ தூரத்தில் தன் முழங்கால் நிற்க வேண்டும். காளைக்கு யாரும் அங்கே கழுவிவிட்டு அவர் பார்த்ததில்லை. ஆகவே குதிரைக்கும் தேவையில்லை என்று பதினோரு வருஷத்துக்கு முன்பே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுக்காமலே வைத்திருந்தார்.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் தவுக்கே சிங்கப்பூருக்குப் புறப்படும்போது ஓர் உத்தரவு போட்டார். மெர்டேக்கா, அதாவது சுதந்திர நாள் அன்று மேஜர் கொடியோடு பங்களா வாசலில் நிற்க வேண்டும். பெரிய மனிதர்கள் வருவார்கள். குதிரையை நன்றாகக் குளிப்பாட்டு, ஓர் இடம் விடாமல்.

ஓர் இடம் விடாமல்!

சனிக்கிழமை வந்தது. எண்ணெய் முடிந்தது. சீயக்காயைக் கெட்டியாகக் கரைத்தார். பிறகு ஒட்டடைக் கம்பின் நுனியில் ஒரு பழந்துணியைச் சுற்றிக் கட்டி, கரைசலில் முக்கி, இரண்டு கஜ தூரத்தில் நின்றபடி நீட்டி, அந்த உறைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். மேஜர் ஓர் ஈயை விரட்டுவதுபோலப் பின்னங்காலை லேசாகத் தூக்கியது. கம்பு ஒரு பக்கம், அப்பாசாமி ஒரு பக்கம். திரும்பிப்போய் அலசிவிட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கண்ணில் ஒரு துளி பட்டாலே நாம் ஊரைக் கூட்டுகிற சீயக்காய், அந்தக் குதிரையின் மெல்லிய தோலில் அப்படியே தங்கிவிட்டது.

ஞாயிறு காலையில் உறை வீங்கியிருந்தது. மாலையில் சின்னப் பப்பாளி அளவு. திங்கள் விடிந்தபோது மேஜர் கால்களை அகட்டி, முதுகை வளைத்து முக்கியது. சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தீனித் தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது.

அப்பாசாமி லாயத்தின் மூலையில் உட்கார்ந்துவிட்டார். மூத்திரம் அடைத்துச் செத்த மாட்டைத் தோட்டத்தில் அவர் பார்த்திருக்கிறார். டாக்டரைக் கூப்பிட்டால், என்ன போட்டாய் என்று கேட்பார். சொன்னால் தவுக்கேவுக்குத் தெரியும். கூப்பிடாவிட்டால் குதிரை செத்துப்போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பயம் வாசலில் நின்றது.

"ஏன்யா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று அஞ்சலை வந்தாள்.

அவர் மேஜரின் அடிவயிற்றைக் கையால் காட்டினார்.

அஞ்சலை குனிந்து பார்த்தாள். பிறகு ஓரமாகக் கிடந்த ஒட்டடைக் கம்பையும் துணியையும் பார்த்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்கு நடையைக் கட்டினாள். அங்கே மிளகாய், மல்லிக் கடை வைத்திருந்த ரோஷன் பீவியின் புருஷன் உயிரோடு இருந்தவரை குதிரைவண்டி ஓட்டியவர். வண்டியை ஓட்டியது அவர். குதிரைகளைப் பார்த்துக்கொண்டது பீவிதான் என்பது கடைத்தெருவுக்கே தெரிந்த விஷயம்.

பிற்பகலில் பீவி மூன்று சக்கரப் பேச்சா வண்டியில் வந்து இறங்கினார். முக்காட்டை இறுக்கிக்கொண்டு குதிரையை ஒரு சுற்று வந்தார்.

"கடைசியா எப்ப உள்ள கை விட்டுக் கழுவுனே?"

"அது வந்து... அக்கா..."

"எப்பலா?"

"விட்டதே இல்லக்கா."

"பதினோரு வருஷமா?" பீவி வாயில் கை வைத்தார். "யா அல்லாஹ். உன்னைய யாராச்சும் பதினோரு வருஷம் குளிக்காம விட்டா சும்மா இருப்பியா? அந்த நுனியில மூத்திரம் வர்ற ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பை இருக்கு. அழுக்கெல்லாம் அதுல சேந்து கொட்டையா இறுகிப் போயிருக்கும். அதுவே பாதி வழிய அடைச்சிருக்கும். அது போதாதுன்னு சீயக்காயப் போட்டு மீதி வழிய நீ அடைச்சிட்டே."

"நீங்களே எடுத்துருங்கக்கா. கால்ல விழறேன்."

"என் கைய அதுக்குத் தெரியாது. உன் கைதான் தெரியும். தெரியாத கை அங்க போனா எந்தக் குதிரையும் உதைக்கும்."

"நான் எடுக்கறேன்" என்று அஞ்சலை முன்னால் வந்தாள். மேஜர் காதுகளைப் பின்னால் மடித்தது. ஒரு வருஷமாகத் தன் துணிக்கொடியை இழுத்துத் தின்றதற்காக அவள் திட்டிய திட்டெல்லாம் அதற்கு நினைவிருந்தது போலும்.

"நீ தலையப் பிடிச்சிக்கோ போதும்" என்றார் பீவி. "அப்பாசாமி, நகத்தை வெட்டு. மோதிரத்தைக் கழட்டு."

பழனி முருகன் படம் பொறித்த செப்பு மோதிரம். பயத்துக்கென்றே போட்டிருந்தது. "இதுமாக்கா?"

"உள்ள கீறும்லா. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

முருகனும் கைவிட்ட விரல்களோடு அப்பாசாமி குதிரையின் இடப்பக்கம் போய் நின்றார். பீவி சொல்லச் சொல்லச் செய்தார். காலுக்குப் பின்னால் போகாதே, விலாவோடு ஒட்டி நில். தள்ளி நின்றால்தான் உதை பலமாக விழும். ஒரு கை முதுகில் இருக்கட்டும், எடுக்கவே எடுக்காதே. மற்றக் கையை வயிற்றிலிருந்து மெதுவாகக் கொண்டு போ. தலையைக் கீழே குனியாதே. கெட்டிலில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர். அலசு, அலசு, சீயக்காய் வாடை போகிறவரை அலசு. பிறகு தேங்காய் எண்ணெய். ஊறட்டும்.

அரைமணி நேரம் ஊறியது. அப்பாசாமியின் சட்டை வேர்வையில் அதைவிட அதிகமாக ஊறியது.

"இப்ப உள்ள விடு."

விட்டார். கதகதப்பாக, வழவழவென்று, வீங்கி இறுகிய மடிப்புகள். கருப்பாகச் செதில் செதிலாக அழுக்கு விரலோடு வந்தது. நாற்றம் தலையைச் சுற்றியது. மேஜரின் தொடைச் சதை துடித்தது. அப்பாசாமியின் கண்ணுக்குள் அதன் குளம்பு மட்டும் இருந்தது. அந்த லாடத்தின் ஆணிகள் ஒவ்வொன்றும்கூடத் தெரிந்தன.

"நுனி கிடைச்சுதா?"

"கி... கிடைச்சுது."

"சின்ன விரலால தடவிப் பாரு. கல்லு மாதிரி இருக்கும்."

இருந்தது. விரல் பட்டதும் மேஜர் குளம்பைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கியது. தூக்கியபடியே வைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தவுக்கேயின் கார் வந்து நின்றது. ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டார். புதுச் சப்பாத்து கிறீச்சிட லாயத்துக்குள் நுழைந்தவர், தன் குதிரைக்கு அடியில் தன் வேலைக்காரரின் கை மறைந்திருப்பதைக் கண்டு, "ஏய்!" என்று குரல் எழுப்பினார். மேஜர் தலையைத் தூக்கியது. அந்தக் கால் இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது.

"ஜாங்கான் கெராக்!" என்று ஒரு குரல் சீறியது. அசையாதே!

அது அப்பாசாமியின் குரல். தவுக்கே என்ற மரியாதைச் சொல்கூட ஒட்டவில்லை. தவுக்கே ஒரு காலை முன்வைத்த நிலையிலேயே நின்றுவிட்டார்.

"சும்மா நிக்கிறதுக்கு இந்தக் கெட்டிலப் பிடிங்க" என்று பீவி மலாயில் சொல்லி அவர் கையில் கொடுத்தார். தவுக்கே பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவான குரலில், என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அப்பாசாமி திரும்பிப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கம்பு, துணி, சீயக்காய், ஓட்டம், கழுவாத பதினோரு வருஷம். பொய் தேடிக் கண்டுபிடிக்கத் தலைக்குள் இடமில்லை. அங்கே முழுக்கக் குளம்பு. சொல்லிக்கொண்டே சின்ன விரலால் அந்தக் கொட்டையை எண்ணெயில் நெம்பினார். அசைந்தது. நழுவியது. மறுபடி நெம்பினார். மேஜர் பெருமூச்சு விட்டது.

வெளியே வந்தது. மொச்சைக்கொட்டை அளவு, சாம்பல் நிறம். அதன் பின்னாலேயே இன்னொன்று, கொஞ்சம் சிறியது.

"கைய எடுக்காதே, இன்னொரு தடவை அலசு" என்று பீவி சொல்லி முடிக்கவில்லை. மேஜர் தூக்கிய காலை வைத்தது. நான்கு கால்களையும் அகட்டியது. இரண்டு நாளாக அடைத்துக் கிடந்ததெல்லாம் அப்பாசாமியின் கை, மடி, வேட்டி மேலெல்லாம் கொட்டியது. அவர் அசையவில்லை. அசைந்தால் உதைக்கும் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார். முதுகில் வைத்த இடக்கையை அஞ்சலை வந்துதான் பிரித்தெடுத்தாள். அப்பாசாமி ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

தவுக்கே கெட்டிலைக் கீழே வைத்தார். "இனி எப்போ?" என்று பீவியிடம்தான் கேட்டார், அப்பாசாமியிடம் இல்லை.

"ஆறு மாசத்துக்கு அப்புறம். சும்மா சும்மா கழுவுனாலும் புண்ணாயிரும். சோப்பு, சீயக்காய் கிட்டயே வரக்கூடாது. இவன்தான் செய்யணும். அந்தக் கம்ப ஒடிச்சு அடுப்புல வைங்க."

வீக்கம் ஒரே நாளில் வடியவில்லை. மெர்டேக்கா அன்று மேஜர் வாசலில் நிற்கவில்லை. தவுக்கே கொடியைக் காரில் கட்டிக்கொண்டார். அஞ்சலையும் அக்கம்பக்கமும் கொடியேற்றம் பார்க்கப் பண்டா ஹிலிர் திடலுக்குப் போய்விட்டார்கள். பட்டாசுச் சத்தம் லாயம்வரை கேட்டது. அப்பாசாமி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மேஜர் இன்று காலையில் இன்னும் மூத்திரம் போகவில்லை. ஏழு மணி. எட்டு மணி. ஒருவேளை மூன்றாவது கொட்டை ஒன்று உள்ளே இருக்குமோ?

ஒன்பது மணிக்கு மேஜர் வைக்கோலிலிருந்து தலையைத் தூக்கியது. கால்களை அகட்டியது. அப்பாசாமி எழுந்து நின்றார். தடையில்லாமல், ஒரே பெருக்காக, நுரைத்துக்கொண்டு போயிற்று. முடிகிறவரை அவர் கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார், பின்னங்கால் எட்டாத தூரத்தில்.